கத்தரித்த துண்டும் காசாகும்!

குழந்தைக்குப் பனியன் வாங்குகிறோமே, அதில் கழுத்துக்கும் கைக்கும் வளைவாகக் கத்தரித்த துண்டெல்லாம் எங்கே போகிறது தெரியுமா? திருப்பூரில் அதற்குக் 'கட்டிங் வேஸ்ட்' என்று பெயர். குப்பை என்று நினைத்துவிடாதீர்கள், எடை போட்டு விலைக்கு வாங்கிப் போகிறார்கள்!

வெள்ளை தனி, நீலம் தனி, சிவப்பு தனி என்று முதலில் பிரிக்க வேண்டும். (நாம் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரிதான்.) பிறகு இயந்திரத்தில் கிழித்து மறுபடி பஞ்சாக்குகிறார்கள். இந்தப் பஞ்சின் இழை குட்டையானது. தனியாக நூற்றால் அறுந்துபோகும். அதனால் புதுப் பஞ்சோ பாலியெஸ்டரோ சேர்த்து, 'ஓபன் எண்ட்' மில்லில் கொஞ்சம் தடித்த நூலாக நூற்கிறார்கள். படுக்கை விரிப்பு, துண்டு, தரை துடைக்கும் துணி எல்லாம் இதில் நெய்யலாம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நீலத் துண்டிலிருந்து வரும் நூல் நீலமாகவே வரும். மறுபடி சாயம் போட வேண்டாம். பஞ்சுச் செலவோடு சாயச் செலவும் மிச்சம்.

சாயம் மிச்சம் என்றால் என்னவோ சின்ன விஷயம் என்று தோன்றும். நொய்யல் கரைக்காரர்களைக் கேளுங்கள்! பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் கடைசியில் தேங்கியது சாயக் கழிவுதான். கிணறு கெட்டது, வயல் உப்புப் பூத்தது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடாதவர்களே திறக்கலாம் என்றது. வேலை போன குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அதன் பிறகு, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சாயத் தண்ணீரைப் பலமுறை வடிகட்டி, மிஞ்சுவதைக் காய்ச்சி, நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீரை மீட்கிறார்கள். சாயம் துணியில் பிடிக்கப் போடுகிற உப்பும் திரும்பப் பட்டறைக்கே வருகிறது. செலவு அதிகம்தான், மின்சாரமும் விறகும் தின்னும். கடைசியில் தங்குகிற கலப்பு உப்பை என்ன செய்வது என்பது இன்னும் தலைவலிதான். ஆனாலும், ஆற்றைக் கெடுக்காமல் செய்த துணியா என்று வெளிநாட்டு வியாபாரிகள் கேட்கும்போது திருப்பூரால் பதில் சொல்ல முடிகிறது.

நம் வீட்டுப் பழைய துணிக்கும் இதே கணக்குத்தான். முழுப் பருத்தி என்றால் சுலபமாகப் பஞ்சாகிவிடும். லைக்ரா கலந்து இழுபடும் துணியோ, கிழிக்கும்போது மக்கர் பண்ணும், விலையும் இறங்கிவிடும். அடுத்த தடவை கடையில் விலைச் சீட்டோடு, உள்ளே தைத்திருக்கும் குட்டிச் சீட்டையும் திருப்பிப் பாருங்களேன்.