அல்புஹார்ரா மலைப்பாதைகள்

கிரனாடா நகரின் தென்கிழக்கே, சியர்ரா நெவாடா மலைத்தொடருக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையே அமைந்தது அல்புஹார்ரா மலைநாடு. அரபியர் இதனை அல்-புஷாராத் என வழங்கினர். தொலைதூர வாகனங்கள் கடற்கரை நெடுஞ்சாலையை நாடுவதால், இங்குள்ள மலைச்சாலைகள் மிதிவண்டியில் செல்வோர்க்கு அமைதியாக வாய்த்துள்ளன.

ஏறத்தாழ 450 மீட்டர் உயரத்திலுள்ள ஓர்ஹிவாவிலிருந்து புறப்படும் சாலை, பம்பனெய்ரா வழியே வளைந்து வளைந்து ஏறி, 1,476 மீட்டர் உயரத்திலுள்ள திரெவேலெஸை அடைகிறது. இளவேனிலும் இலையுதிர்காலமும் இப்பயணத்திற்கு உகந்தவை. வெண்சுவரும் தட்டைக்கூரையும் கொண்ட வீடுகள் மொராக்கோவின் அட்லஸ் மலையூர்களை நினைவூட்டும்.

களைத்து வருவோர்க்கு ஊர்தோறும் ஊற்றுநீர் உண்டு. பனி உருகிய நீரை மலைச்சரிவில் பரப்பி, மண்ணுள் இறங்கச் செய்து, கோடையில் கீழே ஊற்றாகப் பெறும் வாய்க்கால் முறை முஸ்லிம்கள் காலத்தில் இங்கு வளர்ந்தது. வாய்க்காலைக் குறிக்கும் 'அஸேக்கியா' எனும் ஸ்பானியச் சொல், 'அஸ்ஸாக்கியா' எனும் அரபுச் சொல்லின் திரிபே.

1492இல் கிரனாடாவை இழந்த அபூ அப்துல்லாஹ் மன்னர் சிறிதுகாலம் தங்கியதும் இம்மலைநாட்டிலேதான். மொழியும் உடையும் தடைசெய்யப்பட்டபோது 1568இல் மொரிஸ்கோக்கள் இங்கே கிளர்ந்தெழுந்தனர். 1571இல் அக்கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. மக்கள் காஸ்டிலியப் பகுதிகளுக்குப் பெயர்த்தனுப்பப்பட்டனர். அவர்தம் நிலங்களில் வடக்கிலிருந்து வந்தோர் குடியமர்த்தப்பட்டனர்.

பள்ளிவாசல்கள் அதற்கு முன்பே தேவாலயங்களாக்கப்பட்டிருந்தன. வாய்க்கால்களையோ வந்தவர்கள் அப்படியே பேணினர், அவையின்றி அம்மலையில் வாழ்வில்லை. இன்று அவ்வழியே செல்பவர் கையேந்திப் பருகும் நீர், வெளியேற்றப்பட்டோர் விட்டுச்சென்ற அறிவின் பயனாகும்.