தோழி முதல் தன்பாலீர்ப்புப் பெண் வரை: லெஸ்பியன் அடையாளச் சொற்களும் கொடிகளும் தமிழ்ச் சூழலும்

ஆய்வுச் சுருக்கம்

பெண்ணை விரும்பும் பெண்ணைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘லெஸ்பியன்’ என்னும் பொதுச்சொல்லும், அதனுள் அடங்கும் பல நுண்சொற்களும் வழங்குகின்றன. அவற்றுள் பலவற்றுக்குத் தனித்தனிக் கொடிகளும் உண்டு. இச்சொற்களும் கொடிகளும் தமிழ்ச் சூழலுக்குள் வரும்போது எவ்வாறு மாறுகின்றன என்பதையும், தமிழில் ஏற்கெனவே வழங்கும் ‘தோழி’ என்னும் சொல் இங்கு ஆற்றும் பணியையும் இக்கட்டுரை விளக்குகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021, 2025ஆம் ஆண்டுத் தீர்ப்புகள் முதன்மைச் சான்றுகளாக அமைகின்றன.

திறவுச்சொற்கள்: தன்பாலீர்ப்பு, லெஸ்பியன் கொடி, சொல்லாக்கம், பால் பகுப்பு, தோழி, சுயமரியாதை.

முன்னுரை

ஓர் அடையாளச்சொல் மூன்று இடங்களில் வாழ்கிறது. ஒருவர் தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் இடம் ஒன்று. சுற்றத்தார் அவரைக் குறிப்பிடும் இடம் மற்றொன்று. அரசும் காவல்துறையும் நீதிமன்றமும் அவரை எழுத்தில் பதியும் இடம் மூன்றாவது. முதல் இடத்தில் பொருந்தும் சொல் மூன்றாம் இடத்திலும் பொருந்த வேண்டும் என்பதில்லை. லெஸ்பியன் அடையாளச்சொற்களைத் தமிழில் ஆராய்வோர் பெரும்பாலும் ‘இதற்குத் தமிழ்ச்சொல் யாது?’ என்னும் வினாவோடு நின்றுவிடுகின்றனர். ‘எந்த இடத்துக்கான தமிழ்ச்சொல்?’ என்னும் வினாவே முதலில் எழுப்பப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

கொடிகளின் வரலாறு

1978இல் சான் பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கர் உருவாக்கிய வானவில் கொடி அனைவருக்கும் பொதுவானதாக அமைந்தது. பெண்களுக்கெனத் தனிக்கொடி 1999இல் தோன்றியது. ஊதாநிறப் பின்புலத்தில் தலைகீழான கருமுக்கோணமும் அதனுள் வெண்ணிற இருமுகக் கோடரியும் கொண்ட அதனை வடிவமைத்தவர் ஷான் கேம்ப்பெல். நாட்சி வதைமுகாம்களில் ‘சமூக ஒழுங்குக்கு ஒவ்வாதவர்’ என முத்திரை குத்தப்பட்டோருக்கு அணிவிக்கப்பட்ட குறியே கருமுக்கோணம். இருமுகக் கோடரி 1970களின் லெஸ்பியன் பெண்ணியர் எடுத்துக்கொண்ட சின்னமாகும். இழிவுக்குறியைத் தன்மதிப்புக் குறியாக மாற்றிய முயற்சியாக இக்கொடியைக் கொள்ளலாம்.

2010இல் நடாலி மெக்ரே, இளஞ்சிவப்பு நிறச்சாயல்களும் உதட்டுச்சாய முத்திரையும் கொண்ட கொடியொன்றை வெளியிட்டார். பெண்மைத் தோற்றம் உடையோரை மட்டுமே அது காட்டுகிறது என்னும் எதிர்ப்பு எழுந்தது. 2018இல் எமிலி க்வென் வடிவமைத்த ஏழு பட்டைக் கொடியே இன்று பரவலாக வழங்குகிறது. அதன் முதற்பட்டையாகிய அடர் செம்மஞ்சள், பாலின வழக்குகளுக்கு ஒத்துப்போகாத பெண்களைக் குறிக்கிறது. இறுதிப்பட்டை பெண்மையைக் குறிக்கிறது. நடுவிலுள்ள வெண்பட்டை, பெண்மையோடு ஒவ்வொருவருக்கும் உள்ள தனித்த உறவைக் குறிக்கிறது. முந்தைய கொடி விலக்கியோரைப் புதிய கொடி முதலிடத்தில் வைத்தது. ஆகவே, கொடிகளின் வரலாறு ‘இவ்வடையாளத்துக்குள் யார் அடங்குவர்?’ என்னும் வழக்காடலின் வரலாறே எனலாம்.

நுண்சொற்களும் அவற்றின் பயணமும்

‘லெஸ்பியன்’, ‘சாஃபிக்’ என்னும் இரு சொற்களும் கிரேக்கப் பெண்பாற் புலவர் சாஃபோவையும் அவர் வாழ்ந்த லெஸ்போஸ் தீவையும் அடியாகக் கொண்டவை. ‘புட்ச்’, ‘ஃபெம்’ என்னும் இணைச்சொற்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கத் தொழிலாளர் வகுப்புப் பெண்கள் கூடிய மதுக்கூடங்களில் வேரூன்றியவை. உடை, நடை, பேச்சு ஆகியவற்றில் ஆண்களுக்குரியனவாகக் கருதப்படும் பாங்குகளை மேற்கொண்ட லெஸ்பியன் ‘புட்ச்’ எனப்பட்டார். பெண்மைப் பாங்கினர் ‘ஃபெம்’ எனப்பட்டார். ‘ஸ்டட்’ என்னும் சொல் கறுப்பினப் பெண்களிடையே வளர்ந்தது. இவை வெறும் தோற்ற வருணனைகள் அல்ல; வகுப்பு, இனம், ஊர் ஆகியவற்றின் தடங்களைத் தாங்கியவை.

ஆசிய மொழியொன்றில் இச்சொற்கள் எவ்வாறு நிலைபெற்றன என்பதற்குத் தாய்லாந்து தக்க சான்றாகும். அங்கு ‘டாம்பாய்’ என்பது ‘டாம்’ எனவும், ‘லேடி’ என்பது அதன் ஈற்றசையாகிய ‘டீ’ எனவும் குறுகின. வடிவில் கடன்சொற்களாயினும் இன்று அவை தாய் மொழிச்சொற்களாகவே இயங்குகின்றன. கடன்சொல் என்பதனாலேயே ஒரு சொல் அந்நியமாகிவிடுவதில்லை என்பது இதனால் புலனாகிறது.

தமிழில் இந்நுண்சொற்கள் பெரும்பாலும் ஒலிபெயர்ப்பாகவே வழங்குகின்றன. அவற்றை மொழிபெயர்க்க முற்படுவதில் இடர் உண்டு. ‘புட்ச்’ என்பதனை ‘ஆண்தன்மையுள்ள பெண்’ எனப் பெயர்த்தால், தம்மைப் பெண்ணாகவே உணரும் ஒருவர், தம்மை ஆணாக உணரும் திருநம்பியரோடு மயங்கிக் காணப்படுவார். மேலும், வசைமொழியாக வழங்கும் ‘ஆம்பளை மாதிரி’ என்னும் தொடரின் நிழலும் அப்பெயர்ப்பின்மீது படியும்.

சேர்க்கையிலிருந்து ஈர்ப்புக்கு

தமிழ் இதழ்களில் நெடுங்காலம் வழங்கிய சொல் ‘ஓரினச்சேர்க்கை’ என்பதாகும். ‘சேர்க்கை’ என்னும் ஈற்றுச்சொல் செயலை மட்டுமே சுட்டுகிறது. விருப்பம், உறவு, வாழ்வு ஆகியன அதனுள் அடங்கா. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவும் செயலையே குற்றமாக்கியது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் இசைவுடன் கொள்ளும் உறவை அப்பிரிவிலிருந்து நீக்கியது. இன்று பரவலாகிவரும் ‘தன்பாலீர்ப்பு’ என்னும் சொல் செயலிலிருந்து உணர்வுக்குப் பொருள்மையத்தை மாற்றியுள்ளது.

‘குயர்’ என்பதற்குப் ‘பால்புதுமையினர்’ என்னும் ஆக்கம் வழங்குகிறது. ஆங்கிலச் சொல்லுக்கு ‘விநோதமான’ என்பது அகராதிப்பொருள். சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் வழங்கிய தீர்ப்பில் இதனையே சுட்டி அச்சொல்லைப் பயன்படுத்தத் தயக்கம் தெரிவித்தது. ஒருவருக்கு இயல்பாக அமைந்த ஈர்ப்பினை விநோதம் என்பானேன் என வினவியது. தமிழாக்கத்தில் ‘விநோதம்’ இல்லை, ‘புதுமை’ உள்ளது. நீதிமன்றம் ஆங்கிலச் சொல்லில் கண்ட குறை தமிழ்ச்சொல்லில் பெரிதும் நீங்கியுள்ளது எனலாம்.

இதனினும் சிறந்த ஆக்கம் ஊர்வலத்தின் பெயரில் உள்ளது. 2009 முதல் சூன் மாதத்தில் சென்னையில் நடைபெறும் ‘பிரைடு’ ஊர்வலம் தமிழில் ‘வானவில் சுயமரியாதைப் பேரணி’ எனப்படுகிறது. ‘பெருமை’ என நேராகப் பெயர்க்காமல், 1925 முதல் தமிழகத்தில் வேரூன்றிய இயக்கமொன்றின் சொல்லை எடுத்துக்கொண்டமையால், அயற்கருத்து உள்ளூர் வரலாற்றோடு இணைந்துவிட்டது.

பால் பகுப்பும் பெண்ணின் மறைவும்

தமிழ் இலக்கணத்தில் ‘பால்’ என்பது பகுப்பு. உயர்திணைக்கு ஆண்பால், பெண்பால், பலர்பால் என மூன்று பால்கள் உண்டு. ‘தன்பாலீர்ப்பினர்’ என்பது பலர்பால் ஈற்றது. மதிப்புக் கருதி ஒருவருக்கும் வழங்கும். ஆனால் இம்மதிப்பீறு ஆண், பெண் வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. ஆண்களைப் பற்றிய செய்திகளே மிகுதியாக எழுதப்படும் சூழலில், பொதுச்சொல்லைப் படிப்பவர் ஆணையே எண்ணுகிறார். ஆதலால் ‘தன்பாலீர்ப்புப் பெண்’ எனப் பாலை வெளிப்படக் கூறும் தொடர் தேவையாகிறது.

இணையத்தில் லெஸ்பியனைக் குறிக்க ‘நங்கை’ என்னும் சொல்லும் முன்மொழியப்பட்டுள்ளது. அழகிய சொல்லாயினும், திருநங்கை என்னும் நிலைபெற்ற சொல்லோடு அது மயங்குகிறது. பொதுவாகப் பெண்ணைக் குறிக்கும் சொல்லை ஒரு பிரிவினருக்கு மட்டும் உரித்தாக்குவதும் நடைமுறையில் எளிதன்று.

தோழி என்னும் சொல்

தமிழ்ப்பெண்கள் இருவர் சேர்ந்து வாழும்போது சுற்றத்தார் வழங்கும் சொல் ‘தோழி’. அகப்பாடல்களில் தோழி, தலைவியின் காதலுக்குத் துணைநிற்பவள். அவளைத் தலைவியின் காதலியாகப் படிப்பதற்கு அகமரபு இடந்தரவில்லை. இக்கால அடையாளங்களைச் சங்கப் பாத்திரங்கள்மீது ஏற்றுதல் ஆய்வுநெறியாகாது. எனினும் இக்கால வழக்கில் அச்சொல் ஒரு திரையாகிப் பாதுகாப்புத் தருகிறது. சிக்கல் எழும்போது அத்திரையே தடையாகவும் மாறுகிறது.

இதற்கு 2025 மே 22 அன்று நீதியரசர்கள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் ஆகியோர் அடங்கிய அமர்வு வழங்கிய தீர்ப்பு சான்றாகும். குடும்பத்தாரால் தடுத்துவைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணை மீட்க மற்றொரு பெண் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். காவல்துறைக்கு அளித்த முறையீட்டிலும் நீதிமன்ற மனுவிலும் அவர் தம்மை ‘நெருங்கிய தோழி’ என்னும் பொருள்பட மட்டுமே குறிப்பிட்டிருந்தார். அத்தயக்கத்தைத் தாம் புரிந்துகொள்வதாக நீதிமன்றம் கூறியது. தடுத்துவைக்கப்பட்ட பெண்ணே தம் விருப்பத்தை நேரில் தெரிவித்தார். அவர் தம் விருப்பப்படி வாழலாம் எனத் தீர்ப்பாயிற்று. திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியன்று எனவும், ‘தேர்ந்தெடுத்த குடும்பம்’ என்னும் கருத்து ஏற்கத்தக்கது எனவும் அத்தீர்ப்பு உரைத்தது. இம்மனுவில் தோழி என்னும் சொல் மறைத்தது சிறிய செய்தியன்று. மனுதாரர் எந்த உரிமையில் கேட்கிறார் என்பதையே அது மறைத்தது.

காவல் நிலையமும் சொல்லும்

தன்பாலீர்ப்புப் பெண்களின் உறவு சட்டத்தின் பார்வைக்கு வருவது பெரும்பாலும் ‘பெண் காணவில்லை’ என்னும் புகார் வழியே ஆகும். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்கள்மீதும் பெற்றோர் அளித்த புகார்கள் அவ்வாறே பதிவாயின. அப்பெண்கள் தொடுத்த வழக்கில் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 சூன் 7 அன்று விரிவான வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தார். காணாமற்போனதாகக் கூறப்படுவோர் இசைவுடன் சேர்ந்து வாழும் வயதுவந்தோர் எனத் தெரியவந்தால், வாக்குமூலம் பெற்றுத் துன்புறுத்தலின்றிப் புகாரை முடிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அவ்வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்னும் விதி சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஆகத்தில் மதிப்பான சொற்களின் பட்டியல் அரசிதழில் வெளியாயிற்று.

சென்னையின் மேற்குப் புறநகரைக் கொண்டு இதன் நடைமுறைப் பொருளை எண்ணிப்பார்க்கலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய பகுதிகளில் வெளியூர்ப் பெண்கள் விடுதிகளிலும் வாடகை வீடுகளிலும் இருவர் மூவராகத் தங்கிப் பணிக்குச் செல்கின்றனர். அம்பத்தூர், பூந்தமல்லி ஆகியன 2022 சனவரியில் செயல்படத் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகத்தின் எல்லைக்குள் வருவன. வெளி மாவட்டப் பெற்றோர் ஒருவரின் புகார் இங்குள்ள நிலையம் ஒன்றுக்கு வருமாயின், எழுத்தர் வாக்குமூலத்தில் எழுதும் சொல்லைப் பொறுத்தே அடுத்த நடவடிக்கை அமையும். ‘தோழியுடன் தங்கியிருந்தார்’ என எழுதினால், அவரைப் பெற்றோரிடம் ஒப்படைப்பதே முறையெனத் தோன்றும். ‘தம் விருப்பத்துடன் இணைந்து வாழும் தன்பாலீர்ப்புப் பெண்கள்’ என எழுதினால், 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல் நேரே பொருந்தும். அங்கு ஏழு பட்டைக் கொடியோ ‘புட்ச்’, ‘ஃபெம்’ என்னும் சொற்களோ உதவா. பட்டியலில் உள்ள, எழுத்தர் தயங்காமல் எழுதக்கூடிய ஒரு சொல்லே உதவும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. ஆவணத்திலும் ஆய்வுரையிலும் ‘தன்பாலீர்ப்புப் பெண்’ என்னும் தொடர் பொருத்தமானது. ‘ஓரினச்சேர்க்கை’ என்னும் சொல்லை மேற்கோளில் அன்றி ஆளுதல் தவிர்க்கத்தக்கது. நுண்சொற்களை வலிந்து மொழிபெயர்க்காமல், அவற்றை வழங்குவோர் கூறுமாறே தமிழ் எழுத்தில் எழுதி, வரலாற்றை விளக்கிச் செல்லுதல் நலம். தாய் மொழியில் நிகழ்ந்தது போல அவற்றுள் சில காலப்போக்கில் தமிழாகவும் கூடும். கள ஆய்வில் ஒருவர் ‘தோழி’ எனக் கூறுமிடத்து ஆய்வாளர் அதனைத் திருத்தி வேறு சொல் இடலாகாது. திரையை எப்போது விலக்குவது என்பதை முடிவுசெய்யும் உரிமை அப்பெண்களுக்கே உண்டு. அவர்கள் விலக்க விரும்பும் நாளில் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் மதிப்பான தமிழ்ச்சொல் ஆயத்தமாக இருக்கச் செய்வதே சொல்லாக்கத் துறையின் கடமையாகும்.