விஞ்ஞானக் கொப்பியைத் திறந்து பார்த்தீர்களா?



பிள்ளையின் தமிழ்க் கொப்பியையும் கணக்குக் கொப்பியையும் புரட்டிப் பார்க்கின்ற நாங்கள் விஞ்ஞானக் கொப்பியை மட்டும் தொடுவதில்லை. "அது எங்களுக்கு விளங்காது" என்று ஒதுக்கி விடுகின்றோம். நானும் அந்தப் பாடத்துக்குப் பயந்து கலைப்பிரிவுக்குப் போனவள்தான். சமூகவியலில் பட்டம் பெற்று, சமூகப் பணியாளராகக் கிராமங்களுக்குப் போகத் தொடங்கிய பின்னரே அந்தப் பயம் ஒரு பிள்ளையிடமிருந்து எதைப் பறிக்கும் என்பதைக் கண்டேன்.

2019 ஒக்டோபர் நடுப்பகுதியில் கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமமொன்றில் ஒரு தாயைச் சந்தித்தேன். 2009 இல் கணவரை இழந்தவர். கச்சான் தோட்டத்தில் கூலி வேலை செய்தார். மூத்த மகள் டிசெம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்தாள்.

"தங்கச்சி, மற்றப் பாடங்களைப் படிக்கட்டும். விஞ்ஞானத்தை விட்டிடச் சொல்லிப்போட்டன்" என்றார் தாய்.

கொப்பியை வாங்கிப் பார்த்தேன். பாதிப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. தாய் வேலைக்குப் போகும் நாட்களில் சுகமில்லாத தம்பியைப் பார்ப்பதற்காக அவள் பாடசாலைக்குப் போகாமல் நின்றிருக்கிறாள். விஞ்ஞானத்தில் ஒரு பாடம் தவறினால் அடுத்ததும் விளங்காது. இப்படியே இரண்டு வருடங்கள் போயிருந்தன.

அந்தப் பரீட்சையில் ஒன்பது பாடங்கள். உயர்தரத்துக்குப் போக ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றுள் மூன்று திறமைச் சித்தியாக இருக்க வேண்டும். ஆங்கிலத்திலும் வரலாற்றிலும் அவளுக்கு நம்பிக்கை இல்லை. விஞ்ஞானத்தையும் கைவிட்டால் ஆறு தேறுமா? சாதாரண சித்திக்கு 35 புள்ளி போதும். அதைத் தாய்க்கு விளங்கப்படுத்தினேன்.

எங்களிடம் ஏறக்குறைய 45 நாட்கள் இருந்தன. புத்தகத்தை முதற்பக்கத்திலிருந்து பாடமாக்க நேரமில்லை. அயலூர் ஆசிரியை ஒருவரிடம் கடந்தகால வினாத்தாள்கள் வாங்கினோம். திரும்பத் திரும்ப வரும் அலகுகளை அவர் கோடிட்டுத் தந்தார். அவற்றிலும் ஓரளவு தெரிந்தவற்றையே முதலில் எடுத்தோம். மின்னியல் அவளை அழ வைத்தது. அதில் இலகுவானவற்றை மட்டும் படித்து மீதியை விட்டுவிட்டோம்.

அமிலமும் மூலமும் குசினியில் இருந்தன. மஞ்சள் கறை பிடித்த துணியில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும். தேசிக்காய்ப் புளி விட்டால் மறுபடி மஞ்சளாகும். "இது எனக்குத் தெரிஞ்ச விசயமெல்லோ!" என்றார் தாய். அம்மம்மாவின் பாக்குவெட்டி நெம்பு ஆனது. கிணற்றுக் கப்பி விசையைக் குறைப்பதில்லை, அதன் திசையைத்தான் மாற்றுகின்றது என்பதை அவள் தண்ணீர் அள்ளிக்கொண்டே படித்தாள்.

முதலாம் பகுதியில் 40 பல்தேர்வு வினாக்கள், ஒரு மணித்தியாலம். பிழையான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை. ஆகவே ஒன்றையும் வெறுமையாக விடக்கூடாது என்பதை ஒவ்வொரு நாளும் சொன்னோம்.

தாய் செய்த உதவிதான் பெரியது. மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை மகளுக்கு வீட்டு வேலை இல்லை என்று தீர்மானித்தார். இடம்பெயர்வுகளால் ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவர், புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதிலுள்ள கேள்விகளை வாசித்துக் கேட்டார். விடை சரியா பிழையா என்பதைப் புத்தகத்தைப் பார்த்தே சொன்னார். பத்து மணிக்குப் பின் விளக்கை அணைத்துப் படுக்க வைத்தார். நித்திரை இல்லாமல் படித்தது பரீட்சை மண்டபத்தில் நினைவுக்கு வராது.

பெறுபேறு 2020 ஏப்ரலில், ஊரடங்கு நாட்களில் வந்தது. தாய் தொலைபேசியில் அழுதார். மூன்று பாடங்கள் சித்தியில்லை. விஞ்ஞானத்தில் 'எஸ்'. அந்த 'எஸ்' உடன்தான் ஆறு நிறைந்தது. திறமைச் சித்திகளும் மூன்று இருந்தன. அவள் உயர்தரம் படித்தாள்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. தாதியாக வரவேண்டும் என்பது அவளின் ஆசை. அதற்கு அப்போது விஞ்ஞானப் பிரிவில் படிக்க வேண்டியிருந்தது. 'எஸ்' அதற்குப் போதவில்லை. அவள் கலைப்பிரிவுக்கே போனாள். 45 நாட்கள் அவளது பரீட்சையைக் காப்பாற்றின. இரண்டு வருடங்களில் விட்டதை அவற்றால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

சகோதரிகளே, பரீட்சை நெருங்கிவிட்டதென்றால் "விட்டுவிடு" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். 35 புள்ளிக்கு இன்னும் வழி இருக்கின்றது. உங்கள் பிள்ளை எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் படிக்கின்றதென்றால் இன்றிரவே விஞ்ஞானக் கொப்பியைத் திறந்து பாருங்கள். எழுதியிருப்பது உங்களுக்கு விளங்க வேண்டியதில்லை. வெறும் பக்கம் எத்தனை என்று எண்ணிப் பார்த்தாலே போதும். நாளைக்கே வகுப்பாசிரியரிடம் போய்க் கேளுங்கள்.