பாட்டிக்குக் கணுக்கால் முறிஞ்சா ஆபரேஷன்தான் வழியா?

பாட்டி பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிஞ்சிருச்சுன்னு வைங்க. டாக்டர் "மாவுக்கட்டு போதும்"னு சொன்னா, வயசாயிருச்சுன்னு கைகழுவிட்டாரோன்னு தோணும். அப்படி இல்லை.

பிரிட்டன்ல 60 வயசு தாண்டின 620 பேரை வச்சு நடந்த ஒரு ஆய்வு 2016-ல வெளியாச்சு. எல்லாருக்குமே எலும்பு விலகக்கூடிய முறிவு. ஆனா தோலைக் கிழிச்சு வெளிய வந்த முறிவுகளைச் சேர்க்கலை. பாதிப் பேருக்கு ஆபரேஷன். மீதிப் பேருக்கு மயக்கம் கொடுத்து, எலும்பை நேராக்கி, பஞ்சு கம்மியா வச்சு, காலோட ஒட்டின மாதிரி மாவுக்கட்டு.

ஆறு மாசம் கழிச்சு வலி, வீக்கம், படியேறுறது எல்லாம் கேட்டு நூத்துக்கு மார்க் போட்டாங்க. ஆபரேஷனுக்கு 66, கட்டுக்கு 64.5. பெரிய வித்தியாசமே இல்லை! காயத்துல தொற்று, தையல் பிரியுறது மாதிரி பிரச்சினை ஆபரேஷன்ல 10 சதவீதம், கட்டுல 1 சதவீதம்.

ஆனா கட்டு போட்டவங்கள்ல 19 சதவீதம் பேருக்கு அப்புறமா ஆபரேஷன் தேவைப்பட்டுச்சு. அதனால கட்டு போட்டாச்சுன்னு வீட்டுக்குக் கிளம்பும்போது மறக்காம கேளுங்க: "அடுத்த எக்ஸ்ரே எப்போ டாக்டர்?"