அன்லிமிடெட் ரீசார்ஜ்... கிணற்றடியில் டவர் கிடைக்குமா?

விலை, வேகம், வேலிடிட்டி... விவசாயக் குடும்பத்துக்கான செல்போன் கணக்கு

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகும் வழியில் இருக்கிறது இண்டூர். நல்லம்பள்ளி தாலுகாவைச் சேர்ந்த ஊர். தர்மபுரி மாவட்டத்தின் மற்ற ஊர்களைப்போலவே மானாவாரியும் போர்வெல் பாசனமும் கலந்த விவசாயம். தக்காளி, ராகி, நிலக்கடலை, மரவள்ளி, சாமந்தி என்று நிலத்துக்கும் தண்ணீருக்கும் தக்கபடி வெள்ளாமை நடக்கும் வட்டாரம் இது.

இங்கே மண்வெட்டிக்கு அடுத்தபடியாகக் கையில் இருப்பது செல்போன்தான். பூ மார்க்கெட்டில் இன்றைக்கு என்ன விலை என்று கேட்பதும், தக்காளி வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவதும், உழவன் செயலியில் மானியம் பதிவதும், கரன்ட் வந்ததும் வீட்டிலிருந்தே மோட்டார் போடுவதும் அதில்தான். பி.எம்.கிசான் தவணைக்கான கே.ஒய்.சி., விவசாயி அடையாள எண், வங்கிக் கணக்கு என எதைத் தொட்டாலும் ஓ.டி.பி. வருவதும் அதே எண்ணுக்குத்தான்.

இதனால் ஒரு வீட்டில் மூன்று, நான்கு சிம் கார்டுகள் இருப்பது சாதாரணமாகிவிட்டது. நான்குக்கும் மாதாமாதம் ரீசார்ஜ் செய்தால் ஆண்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று கூட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. கூட்டினால், ஒரு ஏக்கருக்கான உரச் செலவை நெருங்கும் தொகை வரும். அதில் நல்ல பகுதியை மிச்சம் பிடிக்க முடியும். அதற்கு, எந்த கம்பெனி மலிவு என்று கேட்பதற்கு முன்பு, எந்த போனுக்கு என்ன வேலை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

28 நாள் என்பது மாதம் அல்ல

'மாத ரீசார்ஜ்' என்று கடையில் சொல்லிப் போடும் பெரும்பாலான திட்டங்களின் ஆயுள் 28 நாள்தான். ஆண்டுக்கு 12 முறை போட்டால் போதாது. 13 முறை போட வேண்டும். 13 முறை போட்டாலும் 364 நாள்தான் ஆகிறது.

இதுபற்றிப் புகார்கள் வந்த பிறகு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' 2022 ஜனவரியில் ஓர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் வேலிடிட்டி உள்ள திட்டம் ஒன்றையும், ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையும் கட்டாயம் தர வேண்டும் என்பது அந்த உத்தரவு. கேட்டால்தான் கடையில் சொல்வார்கள்.

திட்டங்களை ஒப்பிட எளிய வழி ஒன்று உண்டு. விலையை நாளால் வகுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 2024 ஜூலை மாதம் தனியார் கம்பெனிகள் கட்டணத்தை உயர்த்தியபோது அறிவித்த விலைகளை இப்படி வகுத்தால் வருவது இது:

• ஜியோ, தினம் 1.5 ஜி.பி., 28 நாள், 299 ரூபாய்: நாளுக்கு 10.68 ரூபாய்.
• ஜியோ, தினம் 1.5 ஜி.பி., 84 நாள், 799 ரூபாய்: நாளுக்கு 9.51 ரூபாய்.
• ஜியோ, தினம் 2.5 ஜி.பி., 365 நாள், 3,599 ரூபாய்: நாளுக்கு 9.86 ரூபாய்.
• ஏர்டெல், தினம் 1.5 ஜி.பி., 28 நாள், 349 ரூபாய்: நாளுக்கு 12.46 ரூபாய்.
• ஏர்டெல், தினம் 1.5 ஜி.பி., 84 நாள், 859 ரூபாய்: நாளுக்கு 10.23 ரூபாய்.
• ஏர்டெல், தினம் 2 ஜி.பி., 365 நாள், 3,599 ரூபாய்: நாளுக்கு 9.86 ரூபாய்.
• வி (வோடபோன் ஐடியா), தினம் 1.5 ஜி.பி., 28 நாள், 349 ரூபாய்: நாளுக்கு 12.46 ரூபாய்.

அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல். அப்போது விலையை உயர்த்தவில்லை. அதனால் லட்சக்கணக்கானோர் அதற்கு மாறினார்கள். ஆனால், பின்னர் சில திட்டங்களில் விலையை அப்படியே வைத்துக்கொண்டு நாட்களைக் குறைத்தது. அதனால்தான் விலையை மட்டும் பார்க்காமல், நாளால் வகுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. விலைகள் அடிக்கடி மாறுகின்றன. ரீசார்ஜ் செய்யும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அன்லிமிடெட் என்றால் எதுவரை?

இந்தத் திட்டங்களில் அளவில்லாமல் கிடைப்பது பேச்சு மட்டும்தான். டேட்டாவுக்குத் தினசரி அளவு உண்டு. அது தீர்ந்ததும் இணைப்பு அறுந்துபோகாது; வேகம் 64 கே.பி.பி.எஸ். ஆகக் குறைந்துவிடும். விளம்பரத்தில் 'அன்லிமிடெட்' என்று போடுவதற்கு இதுவே காரணம்.

64 கே.பி.பி.எஸ். வேகத்தில் 1 எம்.பி. அளவுள்ள கோப்பு போய்ச்சேர 2 நிமிடத்துக்கு மேல் ஆகும். இலைச்சுருட்டல் வந்த தக்காளிச் செடியை 3 எம்.பி. அளவில் படம் எடுத்து வேளாண் அலுவலருக்கு அனுப்பினால் 6 நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்கும். வீடியோ ஓடாது.

'அன்லிமிடெட் 5ஜி' என்பது வேறு. ஜியோ, ஏர்டெல் இரண்டும் 2024 ஜூலைக்குப் பிறகு, தினம் 2 ஜி.பி. அல்லது அதற்கு மேல் உள்ள திட்டங்களுக்குத்தான் இதைத் தருவதாக அறிவித்தன. அதற்கும் மூன்று நிபந்தனைகள்: திட்டம் பொருந்த வேண்டும், போன் 5ஜி போனாக இருக்க வேண்டும், நிற்கும் இடத்தில் 5ஜி சிக்னல் இருக்க வேண்டும். 4ஜி போன் வைத்திருப்பவர் இதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பயன் இல்லை.

உழவன் செயலியில் விலை பார்ப்பது, வாட்ஸ்அப்பில் பேசுவது, பணம் அனுப்புவது எல்லாவற்றுக்கும் சேர்த்தே தினம் அரை ஜி.பி.கூட ஆகாது. டேட்டாவைத் தின்பது வீடியோதான்.

வேகத்தை நிலத்தில் அளந்து பாருங்கள்

தர்மபுரி மாவட்டம் முழுக்கச் சமவெளி அல்ல. குன்றும் பள்ளமும் கலந்தது. ஊருக்குள் நாலு கோடு காட்டும் போன், குன்றின் மறுபக்கம் இருக்கும் கிணற்றடியில் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும். ஆகவே, பக்கத்து ஊர்க்காரருக்கு நன்றாக எடுக்கும் கம்பெனி உங்கள் நிலத்திலும் எடுக்கும் என்று சொல்ல முடியாது.

காரணம் அலைவரிசையில் இருக்கிறது. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். வேகம் அவ்வளவு இருக்காது. 2,300, 3,500 மெகாஹெர்ட்ஸ் போன்றவை வேகமானவை. ஆனால் டவருக்குப் பக்கத்தில்தான் நன்றாக எடுக்கும். நகரத்தில் அளந்த வேகத்தை வைத்து வரும் விளம்பரம், டவரிலிருந்து தள்ளி இருக்கும் வயலுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

சோதிப்பதற்குச் செலவு இல்லை:

• டிராய் வெளியிட்டுள்ள 'மைஸ்பீட்' செயலியைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். வீடு, மோட்டார் கொட்டகை, வண்டி ஏற்றும் இடம் ஆகிய மூன்று இடங்களிலும் அளந்து பாருங்கள்.
• காலை 6 மணி, மதியம், இரவு 8 மணி என மூன்று வேளையும் அளக்க வேண்டும். இரவில் ஊரே வீடியோ பார்க்கும் நேரத்தில் டவரில் நெரிசல் கூடி வேகம் குறையும்.
• நிலையாக 5 எம்.பி.பி.எஸ். கிடைத்தாலே வீடியோ அழைப்பு, யூடியூப் எல்லாவற்றுக்கும் போதும். 100 எம்.பி.பி.எஸ்.ஸைத் தேடிப் போக வேண்டியதில்லை.
• பெரும்பாலான போன்களில், செட்டிங்ஸில் 'சிம் ஸ்டேட்டஸ்' பகுதியில் சிக்னல் அளவு எண்ணாகவே தெரியும். 4ஜியில் மைனஸ் 90-க்குள் இருந்தால் நல்ல சிக்னல். மைனஸ் 110-ஐத் தாண்டினால் பேச்சே விட்டுவிட்டு வரும்.
• புது சிம் வாங்கும் முன்பு, அந்த கம்பெனி சிம் வைத்திருக்கும் உறவினரையோ பக்கத்துக் காட்டுக்காரரையோ கிணற்றடிக்கு அழைத்துவந்து பேசிப் பாருங்கள்.

டிராய் உத்தரவுப்படி, எந்த ஊரில் 2ஜி, 4ஜி, 5ஜி சிக்னல் உண்டு என்பதைக் காட்டும் வரைபடத்தைக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட்டுள்ளன. முதல் வடிகட்டலுக்கு அது உதவும். கடைசி முடிவை நிலத்தில் அளந்த பிறகே எடுக்க வேண்டும்.

பி.எஸ்.என்.எல். விஷயத்தில் பழைய அனுபவத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் அமைந்த அதன் 4ஜி சேவை, சுமார் 97,500 டவர்களுடன் 2025 செப்டம்பர் 27 அன்று நாடு முழுக்கத் தொடங்கிவைக்கப்பட்டது. உங்கள் பக்கத்து டவரில் எப்படி இருக்கிறது என்பதை இப்போது புதிதாக அளந்து பார்க்கலாம்.

ஒரு குடும்பம், நான்கு சிம்

கணக்குக்காக ஒரு குடும்பம். அப்பாவிடம் ஸ்மார்ட்போன், அம்மாவிடம் பட்டன் போன், கல்லூரி போகும் மகளிடம் ஸ்மார்ட்போன், கிணற்றில் மொபைல் ஸ்டார்ட்டர். நான்கிலும் 349 ரூபாய் திட்டத்தை 28 நாளுக்கு ஒருமுறை போட்டால், ஒரு சிம்முக்கு ஆண்டுக்கு 4,537 ரூபாய். நான்குக்கும் சேர்த்து 18,148 ரூபாய். 299 ரூபாய் திட்டமாக இருந்தாலும் 15,548 ரூபாய்.

இதில் பட்டன் போனுக்கும் ஸ்டார்ட்டருக்கும் டேட்டாவே தேவையில்லை. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான், பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள திட்டத்தைக் கட்டாயம் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. அதன்படி 2025 ஜனவரியில் வந்தவை: ஏர்டெல் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849 ரூபாய், ஜியோ 84 நாளுக்கு 448 ரூபாய், 336 நாளுக்கு 1,748 ரூபாய், வி 84 நாளுக்கு 470 ரூபாய், 365 நாளுக்கு 1,849 ரூபாய்.

அப்பாவுக்கும் மகளுக்கும் 3,599 ரூபாய் ஆண்டுத் திட்டம், அம்மாவுக்கும் ஸ்டார்ட்டருக்கும் 1,849 ரூபாய் பேச்சுத் திட்டம் என்று பிரித்தால் மொத்தம் 10,896 ரூபாய். 18,148 ரூபாயோடு ஒப்பிட்டால் 7,252 ரூபாய் மிச்சம். 15,548-உடன் ஒப்பிட்டால் 4,652 ரூபாய் மிச்சம். யாருக்கும் எந்த வசதியும் குறையாது.

ஒன்றை மட்டும் யோசிக்க வேண்டும். ஆண்டுத் திட்டத்துக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். நடுவில் வேறு கம்பெனிக்கு மாறினால் மீதி நாட்களுக்கான பணம் திரும்ப வராது. அதனால், முதலில் 28 நாள் போட்டுப் பார்த்து, சிக்னல் திருப்தி என்றால் வெள்ளாமைப் பணம் கைக்கு வரும் மாதத்தில் ஆண்டுத் திட்டத்துக்குப் போகலாம். கையில் அவ்வளவு பணம் இல்லை என்றால் 84 நாள் திட்டம் நடுத்தரமான வழி.

வேலிடிட்டியை மறந்தால் எண் போகும்

ரீசார்ஜ் செலவைக் குறைக்கிறேன் என்று ஒரு சிம்மை அப்படியே போட்டுவைப்பதுதான் பெரிய ஆபத்து. தொடர்ந்து 90 நாள் பயன்பாடு எதுவும் இல்லாத எண்ணைத் துண்டிக்க விதி இடம் தருகிறது. பிறகு அந்த எண் வேறு ஒருவருக்குப் போகும். ஆதார், வங்கி, பி.எம்.கிசான் எல்லாவற்றுக்கும் கொடுத்த எண் அதுவாக இருந்தால், ஓ.டி.பி. இல்லாமல் ஒவ்வோர் அலுவலகமாக அலைய வேண்டிவரும். எனவே ஆதாரில் இணைத்துள்ள எண் எது என்பதைக் குறித்துவைத்து, அதற்கு முதலில் ரீசார்ஜ் செய்யுங்கள். வீட்டில் மற்ற எதை நிறுத்தினாலும் இதை நிறுத்தக் கூடாது.

2018 பிப்ரவரியில் ஏர்செல் சேவை தமிழகம் முழுக்க முடங்கியது பலருக்கும் நினைவிருக்கும். பல ஆண்டுகளாக வைத்திருந்த எண்ணைக் காப்பாற்ற, வேறு கம்பெனிக்கு மாறுவதற்கான குறியீடு வாங்க மக்கள் கூட்டம் கூட்டமாக அலைந்தார்கள். எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க இருந்ததால்தான் பலர் தப்பித்தார்கள்.

அந்த வசதி இப்போதும் உண்டு. ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் 10 இலக்க எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். 8 எழுத்துகள் கொண்ட குறியீடு வரும். அது 4 நாள் செல்லும். அதோடு ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு புதிய கம்பெனியின் கடைக்குப் போனால், மாநிலத்துக்குள் 3 வேலை நாட்களில் மாறிவிடும். இப்போதுள்ள கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. எண் மாறாததால் வங்கி, ஆதார் இணைப்புகளில் எந்த மாற்றமும் தேவையில்லை.

விவசாயிகள் அதிகம் கேட்கும் கேள்விகள்

மோட்டார் ஸ்டார்ட்டருக்கு எந்த சிம் போடலாம்?

முதலில் ஸ்டார்ட்டர் 2ஜியா, 4ஜியா என்று அதன் கையேட்டில் பாருங்கள். 2ஜி கருவியில் ஜியோ சிம் வேலை செய்யாது. ஜியோவில் 2ஜி சேவையே கிடையாது. ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல். சிம்களில் கிணற்றடியில் எது நன்றாக எடுக்கிறதோ அதைப் போடலாம். கரன்ட் வந்ததும் ஸ்டார்ட்டரே அழைக்கும் அல்லது எஸ்.எம்.எஸ். அனுப்பும் என்றால், வெளியே போகும் அழைப்பும் வேண்டும். அதற்குப் பேச்சுத் திட்டம் போதும். தகரக் கொட்டகைக்குள் சிக்னல் குறையும் என்பதால், ஆன்டெனாவை வெளியே எடுத்துவைக்க வேண்டும்.

பட்டன் போனுக்கு ஜியோ போடலாமா?

சாதாரண 2ஜி பட்டன் போனில் எடுக்காது. 2023-ல் 999 ரூபாய் விலையில் வந்த ஜியோபாரத் போன் 4ஜி பட்டன் போன். அந்த போனுக்கு மட்டும் 28 நாளுக்கு 123 ரூபாயில் தனித் திட்டம் வந்தது. பணம் அனுப்பும் வசதியும் அதில் உண்டு.

பேச்சுத் திட்டத்தில் ஓ.டி.பி. வருமா?

வரும். ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ்.ஸாக வருவதால் டேட்டா தேவையில்லை. வாட்ஸ்அப்பும் யு.பி.ஐ. செயலிகளும் மட்டும் வேலை செய்யாது. எப்போதாவது தேவைப்பட்டால், வீட்டில் டேட்டா உள்ள போனில் 'ஹாட்ஸ்பாட்' போட்டுக்கொள்ளலாம்.

சிக்னல் பிரச்னைக்கு யாரிடம் புகார் செய்வது?

அந்தந்த கம்பெனியின் 198 எண்ணுக்கு அழைத்துப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த இடம், எந்த நேரம், மைஸ்பீட் காட்டிய வேகம் ஆகியவற்றைக் குறித்துவைத்துச் சொல்லுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால், அதே கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குக் கட்டணமின்றி அனுப்பலாம். அப்போது அந்தப் புகார் எண் கட்டாயம் தேவைப்படும்.