ஒரே ஊசியில் இரண்டு வேலை

மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் குடும்பத்தினரில் சிலர், "சீனாவில் புற்றுநோய்க்குப் புது ஊசி வந்திருக்கிறதாமே?" என்று கைபேசியைக் காட்டிக் கேட்கிறார்கள். நகையை அடகு வைக்கும் முன் அந்த ஊசி என்ன செய்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது. அதற்காகவே இதை எழுதுகிறோம்.

கட்டி வளர அதற்கு ரத்தம் வேண்டும். அதனால் 'விஇஜிஎஃப்' என்ற புரதத்தைச் சுரந்து, பக்கத்து ரத்தக்குழாய்களிலிருந்து தனக்கென்று புதிய கிளைகளை வளர்த்துக்கொள்கிறது. இதைத் தடுத்தால் கட்டி வளராது என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-லேயே எழுதினார். அந்த வழியில் வந்த பெவாசிசுமாப் என்ற மருந்து 2004-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

கட்டிக்கு இன்னொரு தந்திரமும் உண்டு. கெட்ட செல்களை அழிக்கும் நம் டி செல்களில் 'பிடி-1' என்று ஒரு பிரேக் இருக்கிறது. புற்றுசெல் அதை அழுத்திவிட்டுத் தப்பிக்கிறது. அந்த பிரேக்கை விடுவிப்பதுதான் பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகளின் வேலை. பிடி-1-ஐக் கண்டறிந்த ஜப்பானியர் தசுகு ஹோன்ஜோ 2018-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆனால் பிரேக்கை விடுவித்தால் மட்டும் போதாது. கட்டி அவசரமாக வளர்த்த குழாய்கள் கோணல்மாணலாக, ஒழுகிக்கொண்டு இருக்கும். டி செல்கள் அவற்றின் வழியே உள்ளே போகத் திணறும். விஇஜிஎஃப் எதிர்ப்புச் செல்களை மந்தமாக்கவும் செய்கிறது. ஆகவே இரண்டையும் ஒன்றாக மறிக்க வேண்டும். கல்லீரல் புற்றுநோய்க்கு 2020 முதல் இரண்டு தனி மருந்துகளைச் சேர்த்தே கொடுக்கிறார்கள். சீனாவின் அகேசோ நிறுவனம் ஒரு படி மேலே போய், விஇஜிஎஃபையும் பிடி-1-ஐயும் பிடித்துக்கொள்ளும் ஒரே புரதத்தை வடிவமைத்தது. அதன் பெயர் ஐவோனெசிமாப்.

முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 398 பேரிடம் சீனாவில் இதைப் பெம்ப்ரோலிசுமாபுடன் ஒப்பிட்டார்கள். 2024-ல் முடிவு வந்தது. நோய் மேலும் வளராமல் இருந்த காலம், நடுத்தரக் கணக்கில், பழைய மருந்துக்கு 5.8 மாதம், புதியதற்கு 11.1 மாதம். ஏறத்தாழ இரட்டிப்பு! ஆனாலும் இது நோய் அடங்கியிருந்த காலம். குணமானதாகவோ, ஆயுள் அவ்வளவு கூடியதாகவோ பொருளில்லை. சோதிக்கப்பட்டவர்களும் கட்டியில் 'பிடி-எல்1' இருந்து, குறிப்பிட்ட மரபணு மாற்றங்கள் இல்லாதவர்கள். மார்பகம், வயிறு என்று வேறு புற்றுநோய்க்கு இந்தக் கணக்கைக் கொண்டுபோகக் கூடாது. எனவே செலவைக் கேட்கும் முன், எந்த வகைக் கட்டி, பிடி-எல்1, மரபணுச் சோதனைகள் செய்தாயிற்றா என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.

பக்கவிளைவும் இரு பக்கத்திலிருந்தும் வரும். குழாயை மறிப்பதால் ரத்த அழுத்தம் ஏறலாம், சிறுநீரில் புரதம் போகலாம், ரத்தம் கசியலாம், புண் ஆறத் தாமதமாகலாம். பிரேக்கை விடுவிப்பதால் தைராய்டு, நுரையீரல், குடல் தாக்கப்படலாம். இந்த வகை ஊசி எதைப் போட்டுக்கொண்டாலும், சளியில் ரத்தம், மூச்சுத்திணறல், தொடர் வயிற்றுப்போக்கு இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதன் சீட்டையும் முதல் நாளே கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.