உயிர் காத்த விவசாயத் திணைக்களம்

1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அதுவும் ஒன்று. அடுத்த இருபது ஆண்டுகளில் அது ஏறக்குறைய 70 விழுக்காடு சரிந்தது. இப்படித் தப்பிய உயிர்கள் சுமார் 93,000 என்பது ஆய்வாளர்களின் கணக்கு. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் நாட்டில் போர் நடந்தது. வேலையின்மை, மதுப்பழக்கம், விவாகரத்து என ஒவ்வொன்றையும் வைத்துப் பார்த்தும் இந்தச் சரிவுக்கு விளக்கம் கிடைக்கவில்லை. பொருந்தி வந்தவை பூச்சிமருந்துத் தடைகள்தான். 1984இல் பாரத்தியான், 1995இல் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட கொடிய ரகங்கள், 1998இல் எண்டோசல்பான், 2008க்கும் 2011க்கும் இடையில் பாராகுவாட், டைமெத்தோயேட், ஃபெந்தியான் என்று ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. இந்தத் தடைகள் சுகாதார அமைச்சிலிருந்து வந்தவை அல்ல. 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த அதிகாரம் விவசாயத் திணைக்களத்தில் இருக்கும் பீடைகொல்லிப் பதிவாளரிடம் இருந்தது.

ஒரு வேளாண்மை முடிவு இத்தனை உயிரை எப்படிக் காக்கும்? சிற்றூர் வீடுகளில் மருந்து அடித்தது போக மீந்த அரை பாட்டில் இறவாரத்தில் செருகியிருக்கும், அல்லது கதவு மூலையில் கிடக்கும். வீட்டில் சண்டை, கடன்காரன் பேச்சு, பரீட்சையில் தோல்வி என்று மனம் உடையும் நேரத்தில் கை அதை நோக்கிப் போகிறது. அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். பிழைத்தவர்களில் மிகப் பலர் பிறகு வாழவே விரும்புகிறார்கள். கொடிய நஞ்சு அந்த அவகாசத்தைத் தருவதில்லை. கிராமத்திலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோகிறது. இலங்கையில் நஞ்சருந்தி மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை தடைகளால் குறைந்துவிடவில்லை. வந்தவர்களில் முன்பைவிட அதிகம் பேர் பிழைத்துத் திரும்பினார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' ஒரு குடும்பத்துக்கு எல்லாமே.

ஒன்றைத் தடுத்தால் மக்கள் இன்னொன்றைத் தேடமாட்டார்களா என்ற கேள்வி நியாயமானது. 1995 தடைக்குப் பின் அப்படித்தான் நடந்தது: உழவர்கள் எண்டோசல்பானுக்கு மாறினார்கள். ஓர் ஆய்வில் பார்த்த மருத்துவமனைப் பதிவுகளில் 1994இல் ஒன்றாக இருந்த எண்டோசல்பான் மரணம் 1998இல் 50 ஆனது. அதையும் தடை செய்தார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளில் அந்த மரணங்கள் மூன்றாகக் குறைந்தன. மருத்துவமனையின் இறப்புப் பதிவைத் திணைக்களம் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால்தான் இப்படித் திருத்திக்கொள்ள முடியும். ஒரு முறை ஆணை போட்டுவிட்டு மறந்துவிட்டால் நடக்காது.

விளைச்சல் என்னாகும் என்பது இன்னும் வலுவான கேள்வி. 2021இல் இலங்கை அரசு ரசாயன உரத்தை ஒரே அடியாக நிறுத்தியதும், நெல்லும் தேயிலையும் விழுந்ததும், சில மாதங்களிலேயே அந்த முடிவைக் கைவிட நேர்ந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். பூச்சிமருந்துத் தடைகள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. ஒரு நஞ்சை விலக்கும்போது அதே வேலையைச் செய்யும், ஆபத்து குறைந்த மாற்று கடையில் இருந்தது. நடவடிக்கை பல ஆண்டுகளில் படிப்படியாக நடந்தது. தடைக்கு முன்னும் பின்னும் விளைச்சலை ஒப்பிட்டவர்கள் அதனால் சரிவு ஏற்பட்டதாகக் காணவில்லை. உழவரின் வயிற்றில் அடித்து உயிர் காக்க வேண்டியதில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்தவரை இதைவிட நல்ல சான்று இல்லை.

நம் நாடான இந்தியாவில் நிலைமை வேறு. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி, ஒரு மருந்தை நிரந்தரமாக விலக்கும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் இருக்கிறது. மாநில அரசு 60 நாள் தடுக்கலாம், மிஞ்சினால் இன்னும் 30 நாள். தற்கொலைகளைக் குறைக்கவென்றே தமிழ்நாடு அரசு ஆறு பூச்சிமருந்துகளைத் தடுத்தபோதும் 60 நாள்தான் முடிந்தது. சம்பா நெல் அறுவடைக்கு வரவே நான்கு மாதத்துக்கு மேலாகும். அதற்குள் அதே மருந்து உரக்கடை அலமாரிக்குத் திரும்பிவிடலாம். எந்த மருந்து எத்தனை பேரைக் கொன்றது என்ற விவரம் அரசு மருத்துவமனைகளின் நஞ்சுமுறிவுப் பிரிவுகளில் இருக்கிறது. பூச்சிமருந்துக்குப் பதிவு வழங்கும்போதும் அதை மறுபரிசீலனை செய்யும்போதும், மகசூல் கணக்கோடு இந்தக் கணக்கையும் மேசையில் வைத்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்ல வேண்டும். மாநிலத்தின் தடைக்காலம் குறைந்தது ஒரு முழுப் பருவத்துக்காவது நீள வேண்டும்.